பெயரை மறைத்தவர்களின் காகிதங்கள்

1947-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். ஆர்.கே.ஓ. என்ற திரைப்பட நிறுவனத்தின் அலுவலகத்தில் இருபத்தைந்து வயதுச் செயலாளர் ஒருவர் மும்முரமாகத் தட்டச்சு செய்து கொண்டிருக்கிறார். உண்மையில் அவருக்கு அங்கே வேலை அதிகமில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பது போல் தெரியக்கூடாது என்பது மேலதிகாரியின் உத்தரவு. எனவே அவர் வெள்ளைத்தாள், கார்பன் தாள், வெள்ளைத்தாள், கார்பன் தாள் என்று மாற்றி மாற்றி அடுக்கி இயந்திரத்தில் செருகி, வேகமாக அடித்துக் கொண்டே இருக்கிறார். கடந்து போகிறவர்கள் ஏதோ அலுவலகக் கடிதம் என்று நினைத்துக் கொள்வார்கள். ஆனால் அவர் தயாரித்துக் கொண்டிருந்தது ஒரு பத்திரிகை!

அதன் பெயர் 'வைஸ் வெர்சா'. அமெரிக்காவில் லெஸ்பியன் பெண்களுக்காக, அதாவது பெண்களை நேசிக்கும் பெண்களுக்காக, வெளிவந்த முதல் பத்திரிகை என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான். திரைப்பட விமர்சனம், புத்தக விமர்சனம், கவிதை, சிறுகதை எல்லாம் அதில் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று. ஆசிரியரின் பெயர்!

அவரது உண்மைப் பெயர் ஈடித் ஐடி. பிற்காலத்தில் அவர் 'லிசா பென்' என்று ஒரு புனைபெயர் வைத்துக் கொண்டார். ஆங்கிலத்தில் 'லெஸ்பியன்' என்ற சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் கிடைக்கும் பெயர் அது. ஒவ்வோர் இதழையும் ஐந்து கார்பன் தாள்கள் வைத்து இரண்டு முறை அடிப்பார். மொத்தம் பத்துப் பன்னிரண்டு பிரதிகள் தேறும். அவற்றைத் தெரிந்த பெண்களிடம் கையில் கொடுப்பார். படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள் என்பது ஏற்பாடு. விலை கிடையாது. 1947 ஜூன் முதல் 1948 பிப்ரவரி வரை ஒன்பது இதழ்கள் வந்தன. பிறகு நிறுவனம் கைமாறியது, அவருடைய வேலையும் மாறியது, பத்திரிகையும் நின்றது.

இப்போது ஒரு கேள்வி. மொத்தமே பத்துப் பன்னிரண்டு பிரதிகள். எழுதியவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. எந்த நூலகமும் சந்தா கட்டவில்லை. கைக்குக் கை மாறிக் கொண்டிருந்த மெல்லிய தாள்கள். ஆனாலும் அந்த ஒன்பது இதழ்களையும் இன்று படிக்க முடிகிறது. எப்படி?

யாரோ சிலர் அதைத் தூக்கி எறியவில்லை என்பதுதான் பதில். அந்தச் சிலரைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

தபால்காரருக்குப் பயந்த காலம்

முதல் சில இதழ்களை ஈடித் தபாலில் அனுப்பினார். ஒரு தோழி எச்சரித்த பிறகு நிறுத்திவிட்டார். காரணம் 1873-இல் வந்த காம்ஸ்டாக் சட்டம். ஆபாசமானவற்றைத் தபாலில் அனுப்புவது அந்தச் சட்டப்படி குற்றம். எது ஆபாசம் என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்று எழுதினாலே ஆபாசம் என்று சொல்லிவிட முடியும்.

இது வெறும் பயமில்லை. 1954 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் தபால் அதிகாரி 'ஒன்' என்ற பத்திரிகையின் இதழை அனுப்ப மறுத்துவிட்டார். அவர்கள் ஆட்சேபித்தவற்றில் ஒன்று, ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புவதைச் சொல்லும் சிறுகதை. கீழ் நீதிமன்றங்கள் தபால்துறையின் பக்கம் நின்றன. 1958 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. ஒருபால் விழைவைப் பற்றி எழுதியதாலேயே ஒரு பத்திரிகை ஆபாசமாகிவிடாது என்ற நிலை அதன் பிறகுதான் வந்தது.

தபால்துறை மட்டும்தானா? 1953-இல் அதிபர் ஐசனோவர் பிறப்பித்த ஓர் ஆணை, ஒருபால் விழைவோரை மத்திய அரசு வேலையிலிருந்து நீக்க வழி செய்தது. மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் ஒருபால் விழைவு 1973 வரை இருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும், வாடகை வீடு போகும். விவாகரத்தான பெண் என்றால் பெற்ற பிள்ளையையே நீதிமன்றம் பறித்துவிடலாம். ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது என்றால் இத்தனையையும் பணயம் வைப்பது என்று பொருள்.

"உங்கள் பெயர் பத்திரமாக இருக்கிறது"

1955-இல் சான் பிரான்சிஸ்கோவில் நான்கு பெண் இணையர் சேர்ந்து 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் முதல் லெஸ்பியன் அமைப்பு இது. டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லயனும் அதன் முக்கியத் தூண்கள். அடுத்த ஆண்டு, 1956 அக்டோபரில், சங்கத்தின் இதழான 'தி லேடர்' (ஏணி) வெளிவந்தது. முதல் இதழ் சைக்ளோஸ்டைல் முறையில் எடுக்கப்பட்ட 175 பிரதிகள். மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, இயந்திரத்தில் மாட்டி, மை தடவி உருட்டி எடுப்பார்களே, அதே முறைதான். பிறகு ஓரத்தில் இரண்டு பின் அடித்தால் பத்திரிகை தயார்.

ஆசிரியர் ஃபிலிஸ் லயன். ஆனால் இதழில் அச்சானது 'ஆன் ஃபெர்குசன்' என்ற பெயர். இரண்டாவது இதழிலேயே அவர் 'உங்கள் பெயர் பத்திரமாக இருக்கிறது' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தது. சந்தாதாரர் பட்டியலை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டோம் என்று வாசகர்களுக்கு உறுதி சொல்லும் கட்டுரை. புத்தகம் வாங்கியவர்களின் பெயர்களை நாடாளுமன்றக் குழுவுக்குச் சொல்ல மறுத்த ஒரு பதிப்பாளர் 1953-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற வழக்கையும் அதில் எடுத்துக் காட்டினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பயப்படாதீர்கள் என்று வாசகர்களுக்கு எழுதியவரே பொய்ப் பெயரில் அல்லவா எழுதிக் கொண்டிருந்தார்! அது அவருக்கே உறுத்தியது போலும். நான்காவது இதழில் ஆன் ஃபெர்குசன் இறந்துவிட்டார் என்று அறிவித்துவிட்டுத் தன் உண்மைப் பெயரைப் போட்டுக் கொண்டார் ஃபிலிஸ் லயன்.

எல்லா வாசகர்களாலும் அப்படிச் செய்ய முடியவில்லை. 1957-இல் 'தி லேடர்' இதழுக்கு இரண்டு அருமையான கடிதங்கள் வந்தன. கையெழுத்தாக வெறும் முதலெழுத்துகள். எழுதியவர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி! 1959-இல் பிராட்வே மேடையேறிய 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தின் ஆசிரியர். பிராட்வேயில் நாடகம் அரங்கேறிய முதல் கறுப்பினப் பெண் எழுத்தாளர் அவர்தான். 1965-இல் முப்பத்து நான்காம் வயதில் இறந்து போனார். அவருடைய தனிப்பட்ட தாள்களில் இது தொடர்பான பகுதி நெடுங்காலம் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்படவே இல்லை. அந்தப் பெட்டி மூடியிருந்த காலம் முழுவதும், பின் அடித்த ஒரு சின்னப் பத்திரிகையில் அவருடைய கடிதங்கள் அச்சில் இருந்தன. பத்திரிகை அழிந்திருந்தால்? அவர் வாழ்க்கையின் அந்தப் பக்கத்தை வெளியே இருந்தவர்கள் அறிய வழியே இருந்திருக்காது.

'தி லேடர்' 1972 வரை வந்தது. பதினாறு ஆண்டுகள்! அதன் அட்டையைப் பார்த்தாலே காலம் மாறியது தெரியும். தொடக்கத்தில் கோட்டோவியங்கள்தான். பிறகு முகம் தெரியாத படங்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட படங்கள். 1966 ஜனவரி இதழில் லிலி வின்சென்ஸ் என்ற பெண் முழு முகத்தோடு, புன்னகையோடு அட்டையில் வந்தார். ஒன்றிரண்டு இதழ்களை மட்டும் பார்ப்பவருக்கு இது விளங்காது. வரிசை முழுவதும் இருந்தால்தான் அந்தப் பத்தாண்டுகளின் துணிச்சல் கண்ணுக்குத் தெரியும். ஒரு காப்பகம் விடுபட்ட இதழ்களைத் தேடித் தேடி அலைவது இதற்காகத்தான்.

குப்பைக்குப் போன பெட்டிகள்

இவை அழிந்து போவதற்கு வழிகள் நிறைய இருந்தன. முதலாவது, வாசகர்களே அழித்தது. வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று படித்தவுடன் கிழித்துப் போட்டவர்கள் உண்டு. இரண்டாவது, குடும்பம். ஒரு பெண் இறந்ததும் அண்ணனோ மருமகனோ வந்து அறையைக் காலி செய்வார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியில் கடிதங்களும் இந்த மாதிரி இதழ்களும் இருக்கும். வெட்கம் தாங்காமல் எரிப்பார்கள், அல்லது என்னவென்றே தெரியாமல் குப்பையில் போடுவார்கள். சட்டப்படி வாரிசு அவர்கள்தானே? முப்பது ஆண்டுகள் கூட வாழ்ந்த துணைவிக்கு அந்தப் பெட்டியின் மேல் எந்த உரிமையும் கிடையாது.

மூன்றாவது வழியைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அது நூலகங்கள்! பெரிய நூலகங்கள் புத்தகத்தையும் பெரிய பத்திரிகைகளையும்தான் சேர்க்கும். நான்கு பக்கச் செய்திமடல் அவர்கள் கணக்கில் துண்டுப் பிரசுரம் மாதிரி. படித்துவிட்டுப் போட்டுவிட வேண்டியது. சேர்த்தாலும் எந்தத் தலைப்பின் கீழ் வைப்பார்கள்? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் வகைப்பாட்டில் 1970களின் தொடக்கம் வரை இத்தகைய நூல்கள் 'இயல்புக்கு மாறான பாலுறவுகள்' என்ற பிரிவில்தான் இருந்தன. தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்த ஓர் இளம்பெண் அந்தத் தலைப்பைத் தாண்டித்தான் அலமாரிக்குப் போக வேண்டும்.

ஸ்டோர் ரூமில் ஒரு காப்பகம்

1974. நியூயார்க் நகரில் சில பெண்கள் சேர்ந்து பேசினார்கள். ஒருபால் விழைவுள்ள கல்வியாளர்களின் சங்கம் ஒன்று அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கப்பட்டிருந்தது. இவர்கள் அங்கே அறிமுகமானவர்கள். அவர்களில் ஜோன் நெஸ்லே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். டெபோரா ஈடெல் அவருடைய துணைவியாக இருந்தவர். நம் வரலாற்றை வேறு யாரோ எழுதுவார்கள் என்று காத்திருந்தால் அது நோயாளிகளின் வரலாறாகவும் குற்றவாளிகளின் வரலாறாகவும்தான் எழுதப்படும் என்று அவர்கள் நினைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'லெஸ்பியன் ஹெர்ஸ்டோரி ஆர்க்கைவ்ஸ்'. 'ஹிஸ்டரி' என்ற ஆங்கிலச் சொல்லில் உள்ள 'ஹிஸ்' (அவனுடைய) என்பதை எடுத்துவிட்டு 'ஹெர்' (அவளுடைய) என்று போட்டுக் கொண்ட பெயர்.

காப்பகத்துக்குக் கட்டடம் ஏது? மன்ஹாட்டனில் நெஸ்லே குடியிருந்த வாடகை வீட்டில், சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில்தான் முதல் பெட்டிகள் வைக்கப்பட்டன. நாளாக நாளாகப் பெட்டிகள் வீடு முழுவதும் பரவின. ஆய்வுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார்கள். 1975 ஜூனில் காப்பகம் தானும் ஒரு செய்திமடல் தொடங்கியது. உங்களிடம் இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள், எங்களுக்கு அனுப்புங்கள் என்பதே அதன் முக்கிய வேண்டுகோள்.

அவர்கள் வகுத்துக் கொண்ட விதிகள் இன்றைக்குப் படித்தாலும் வியப்பைத் தரும்:

- காப்பகம் எந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளும் போகாது, சமூகத்துக்குள்ளேயே இருக்கும்.
- உள்ளே வந்து படிக்கப் பட்டமோ சிபாரிசுக் கடிதமோ தேவையில்லை.
- அரசாங்கப் பணம் வாங்குவதில்லை.
- சேர்த்ததை ஒருபோதும் விற்பதில்லை.
- வேலை செய்பவர்கள் தொண்டர்கள்.
- புகழ் பெற்றவர், பெறாதவர் என்ற பேதம் இல்லை. எந்தப் பெண்ணின் காகிதமும் வரலாறுதான்.

புத்தகங்களைக் கூட ஆசிரியரின் குடும்பப் பெயரை வைத்து அடுக்காமல், முதல் பெயரை வைத்து அடுக்கினார்கள். குடும்பப் பெயர் என்பது அப்பாவிடமிருந்தோ கணவரிடமிருந்தோ வந்தது, முதல் பெயர்தான் அவளுடையது என்பது அவர்கள் வாதம்.

கடைசி விதிக்கு ஒரு நல்ல உதாரணம் மேபல் ஹாம்டன். 1902-இல் பிறந்த கறுப்பினப் பெண். இளமையில் ஹார்லெமில் நடனமாடியவர். பிறகு வாழ்க்கையின் பெரும் பகுதியை வீட்டு வேலை செய்து கழித்தவர். அவர் பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்து வைத்திருந்த, லெஸ்பியன் பாத்திரங்கள் வரும் மலிவு விலை நாவல்களைக் காப்பகத்துக்குக் கொடுத்தார். பெரிய நூலகம் எதுவும் அந்த நாவல்களைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. வீட்டு வேலை செய்த ஒரு பெண்ணின் அலமாரி இன்று ஆய்வாளர்கள் தேடி வரும் தொகுப்பு!

செய்திமடல்களின் பெருக்கம்

1970களில் இத்தகைய இதழ்கள் மழைக்குப் பின் முளைக்கும் காளான் போலப் பெருகின. லாஸ் ஏஞ்சல்ஸில் 'தி லெஸ்பியன் டைட்', வாஷிங்டனில் 'தி ஃபியூரிஸ்', நியூயார்க்கில் கறுப்பின, லத்தீன், ஆசியப் பெண்கள் நடத்திய 'அசேலியா' என்று ஊருக்கு ஊர் வந்தன. 1976-இல் தொடங்கிய 'சினிஸ்டர் விஸ்டம்' என்ற இலக்கிய இதழ் அரை நூற்றாண்டு கண்டது.

கணக்குப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை நிற்க வேண்டிய இதழ்களே இல்லை. விளம்பரம் தர யாரும் வரமாட்டார்கள். கடைகளில் தொங்கவிட முடியாது. சந்தாவை நம்பலாம் என்றால் சந்தா கட்டவே பயம். 1974-இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய 'லெஸ்பியன் கனெக்‌ஷன்' இதற்கு ஒரு வழி கண்டது. உலகில் எந்த லெஸ்பியன் கேட்டாலும் இலவசம். முடிந்தவர்கள் முடிந்ததை அனுப்புங்கள். உறையின் மேல் பத்திரிகைப் பெயர் இருக்காது. 'எல்சி' என்ற பெயரில் ஒரு பதிப்பகம் அனுப்புவது போல இருக்கும். எல், சி என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், புரியும்! எந்தத் திட்டம் சரிப்பட்டு வராது என்று எவரும் சொல்லியிருப்பார்களோ, அந்தத் திட்டத்தில் அந்த இதழ் ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

அதில் வந்த ஒரு பகுதி முக்கியமானது. ஒவ்வோர் ஊரிலும் தொடர்பு கொள்ளக்கூடிய பெண்களின் பட்டியல் அது. புது ஊருக்குப் போகிறவர் அவர்களைக் கேட்டு விவரம் தெரிந்து கொள்ளலாம். இந்தப் பட்டியல்களையும், கூட்ட அறிவிப்புகளையும், அறைத்தோழி தேவை என்ற வரி விளம்பரங்களையும் படித்தால்தான் அந்தக் காலத்தில் எந்தச் சிற்றூரில் யார் இருந்தார்கள், எங்கே கூடினார்கள், எதைப் பற்றிச் சண்டை போட்டார்கள் என்பது தெரியும். பெரிய செய்தித்தாள்களில் இதில் ஒரு வரி கூடக் கிடையாது.

காகிதத்தைக் காப்பாற்றுவது எப்படி?

சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா? காகிதத்துக்கும் ஆயுள் உண்டு. மலிவான செய்தித்தாள் காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகி, அமிலம் ஊறி, தொட்டாலே உதிரும். பின்கள் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக் கொள்ளும். கார்பன் எழுத்து தேயத் தேய மங்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை பொறுமையான வேலைகள். துருப்பிடித்த பின்னை மெதுவாகக் கழற்ற வேண்டும். அமிலமில்லாத உறையில் போட்டு, அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலும் ஈரமும் படாமல் பார்க்க வேண்டும். உதிரும் நிலையில் உள்ளவற்றை நகல் எடுக்க வேண்டும்.

அதைவிடக் கடினம் பட்டியல் போடுவது. இந்த இதழ்கள் திடீரென்று பெயரை மாற்றிக் கொள்ளும். ஏழாம் இதழுக்குப் பிறகு ஒன்பதாம் இதழ் வரும். சிலவற்றில் தேதி இருக்காது, சிலவற்றில் ஊர் இருக்காது. எல்லாம் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. பல சமயம் பாதுகாப்புக்காக வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றிய அந்த மறைப்பே இன்றைக்குப் பட்டியல் போடுகிறவரைத் திணற வைக்கிறது! உள்ளே வரும் நிகழ்ச்சி அறிவிப்பு, தபால் முத்திரை, அறிமுகமான ஒரு கையெழுத்து ஆகியவற்றை வைத்து, இது இன்ன ஆண்டு, இன்ன ஊர் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அந்த இதழைப் படித்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். சமூகக் காப்பகத்தின் பெரிய பலம் இதுதான்.

சொந்த வீடு

பெட்டிகள் வீட்டை நிறைத்துவிட்டன. புதிய இடம் வேண்டும். பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தால் குளிரூட்டிய அறையும் சம்பளம் வாங்கும் நூலகரும் கிடைத்திருப்பார்கள். ஆனால் விதி விதிதான். நாடு முழுவதும் பெண்களிடமிருந்து சின்னச் சின்னத் தொகைகளாகப் பணம் வந்தது. 1991-இல் புரூக்ளினின் பார்க் ஸ்லோப் பகுதியில் ஒரு பழைய அடுக்கு வீட்டை வாங்கினார்கள். 1993 ஜூனில் காப்பகம் அங்கே திறக்கப்பட்டது. ஒருபால் விழைவோருக்கு வீட்டுக் கடன் கிடைப்பதே அரிதாக இருந்த ஊர்களில் வாழ்ந்த பெண்கள், தங்கள் காகிதங்களுக்கு ஒரு வீடு வாங்கிவிட்டார்கள்! 2022 நவம்பரில் நியூயார்க் நகரம் அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தது.

எல்லோரும் இதே வழியில் போகவில்லை. 1981-இல் ஓக்லண்டில் தொடங்கி, பிறகு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறிய காப்பகம் இன்று ஜூன் மேசர் காப்பகம் என்று அழைக்கப்படுகிறது. தொகுப்புகளை ஒழுங்குபடுத்தவும் கணினியில் ஏற்றவும் அது யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து வேலை செய்தது. 'தி லேடர்' இதழின் கடைசி ஆசிரியரான பார்பரா கிரையர் தன் பெரிய தொகுப்பைச் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்துக்குக் கொடுத்தார். அதற்கும் நியாயம் உண்டு. தொண்டர்கள் வயதாகிப் போவார்கள், சோர்ந்து போவார்கள். ஒரு நிறுவனம் நூறு ஆண்டுகள் நிற்கும். ஆனால் நிறுவனத்தின் தலைமை மாறினால் கொள்கையும் மாறலாம். இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. பிரதிகள் பல இடங்களில் இருப்பதே நல்லது.

அநாமிகா

இந்தக் கதையில் தெற்காசியப் பெண்களுக்கும் ஓரிடம் உண்டு. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலிருந்து ஒரு சிறு செய்திமடல் வந்தது. தெற்காசிய லெஸ்பியன் பெண்களுக்காக வந்த முதல் இதழ்களில் ஒன்று. அதன் பெயர் 'அநாமிகா'. பெயரில்லாதவள் என்று பொருள்! வந்தது மிகச் சில இதழ்கள்தான். 1990களின் தொடக்கத்தில் 'சமகாமி' என்ற இன்னொரு செய்திமடல் வந்தது.

இப்படிப்பட்டவர்கள் நம் பக்கத்தில் கிடையாது, இது வெள்ளைக்காரர்களின் வழக்கம் என்று இன்றும் பலர் சொல்வதைக் கேட்கலாம். அதற்குப் பதில் அந்தச் சில தாள்களில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெற்காசியப் பெண்கள் ஒருவரையொருவர் தேடி எழுதியிருக்கிறார்கள். 2008-இல் தொடங்கிய தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் காப்பகம் இத்தகைய இதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருப்பதால்தான் அந்தப் பதிலைக் காட்ட முடிகிறது. 'பெயரில்லாதவள்' என்று பெயர் வைத்த இதழின் பெயர் தப்பிப் பிழைத்துவிட்டது.

எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடலாமா?

இனி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றலாம். 2016-இல் நடந்தது அதற்கு ஒரு பாடம். 'ஆன் அவர் பேக்ஸ்' என்பது 1984-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய, லெஸ்பியன் பெண்களே நடத்திய பாலியல் இதழ். ரிவீல் டிஜிட்டல் என்ற நிறுவனம் அதை முழுவதுமாக ஸ்கேன் செய்து, யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது. அதன் நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த இதழுக்குப் படம் எடுக்கச் சம்மதித்த பெண்கள், தங்களைப் போன்ற சில ஆயிரம் பேர் கையில் வைத்துப் பார்க்கும் அச்சு இதழுக்குத்தான் சம்மதித்தார்கள். முதலாளியும் பிள்ளைகளும் ஒரு பெயரைத் தட்டினால் படம் வந்து நிற்கும் என்று 1980களில் யார் நினைத்தார்கள்? டாரா ராபர்ட்சன் என்ற நூலகர் இதைப் பகிரங்கமாக எழுப்பினார். 2016 ஆகஸ்டில் அந்த இதழ்கள் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டன.

பத்திரிகை அழிந்தால் ஒரு தலைமுறையே இருந்ததற்கு அடையாளம் இருக்காது. கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டால், நம்பிக் கொடுத்தவரின் நம்பிக்கை உடையும். ஆகவே எதைப் பொதுவில் வைக்கலாம், எதை நேரில் வந்தால் மட்டும் காட்டலாம், எதை எழுதியவரின் காலத்துக்குப் பிறகு திறக்கலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்த முடிவை யார் எடுப்பது? அந்தத் தாளில் பெயர் போடப் பயந்தது ஏன் என்று தெரிந்தவர்கள் எடுப்பதே பொருத்தம். 1956-இல் 'உங்கள் பெயர் பத்திரமாக இருக்கிறது' என்று கொடுத்த வாக்கை அந்தப் பத்திரிகை நின்ற பிறகும் யாராவது காப்பாற்ற வேண்டுமல்லவா?

ஈடித் ஐடி 2015 டிசம்பரில் தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். அவர் காலத்திலேயே பலர் அவரைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் அவரிடம் ஒரு பிரதியை வாங்கி, படித்துவிட்டு, அடுத்தவரிடம் கொடுக்க மனமில்லாமல் எங்கோ ஒரு பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அடுத்தவருக்குக் கொடுங்கள் என்ற ஏற்பாட்டை மீறியதுதான் அவர்கள் செய்த தவறு. அந்தத் தவறுக்கு வரலாறு நன்றி சொல்ல வேண்டும்!